டீச்சரம்மாவின் பாதிச் சீலை

ஊசி குத்தியபோதும் குழந்தை அழவில்லை.

வீடு வீடாக வந்து தடுப்பூசி போடும் நர்ஸம்மா, குழந்தையின் தொடையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சிரித்தாள். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு சமத்தைப் பார்த்ததில்லை என்றாள். பெற்றவள் யாழிசைக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் புருஷன் கௌசிக் லாரி ஓட்டுகிறவன். என் மகன் வண்டி ஓட்டத்தான் பிறந்திருக்கிறான், காதோரம் ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டான் என்று சொல்லி நர்ஸம்மாவை இன்னும் சிரிக்க வைத்தான். கௌசிக்கின் அக்கா மோகனப்பிரியாவும் சேர்ந்துதான் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவளுக்கு மட்டும் வாய் மூடிக்கொண்டது.

அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஊசி இறங்கியபோது அந்த முகம் அழத்தான் போயிற்று. நெற்றி சுருங்கி, உதடு கோணி, தொண்டைக்குள் ஏதோ திரண்டு மேலே வந்தது. அதற்குள் குழந்தையைச் சுற்றியிருந்த வெள்ளைச் சீலை, தூங்கும் பூனையின் வயிறு மாதிரி லேசாக ஒருமுறை ஏறி இறங்கிற்று. அவ்வளவுதான். இஸ்திரி போட்டாற்போல முகம் மழமழவென்று ஆகிவிட்டது.

அந்தச் சீலையைக் கொண்டுவந்து சுற்றியவளே மோகனப்பிரியாதான்.

உசுருநூல் சீலை அது. சர்க்கார் வைத்த பெயர் உணரிழை. திருப்பூரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. உடுத்தியவரின் சூட்டையும் மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் அந்த நூல் தெரிந்துகொள்ளும், ஆஸ்பத்திரிக்கும் கணக்கு அனுப்பும். வெயிலில் குளிரும், பனியில் கதகதக்கும். நெஞ்சு படபடத்தால் முதுகைத் தட்டிக் கொடுப்பதுபோல மெல்ல இறுக்கித் தளர்த்தும். வருஷக்கணக்கில் ஒருவரிடம் பழகப் பழக, இவருக்கு இதுதான் சுகம் என்று படித்து வைத்துக்கொள்ளும். எளிதில் நைந்தும் போகாது. நொய்யல் கரையோரம் பழைய பனியன்களும் சுடிதார்களும் மலை மலையாகக் குவிந்து, மழைக்காலத்தில் சரிந்து வீடுகளை மூடிய பிறகுதான் இந்த நூலுக்கு மாறினார்கள். புதுத்துணி நெய்வதை ஏறக்குறைய நிறுத்தினார்கள். ஒரு துணி ஓர் ஆளோடு முடியக்கூடாது, பல பேருக்கு உழைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

அதற்காக வந்ததுதான் மோகனப்பிரியா வேலை பார்க்கும் இடம். ஊர் அதைப் பழசு கம்பெனி என்று கூப்பிட்டது. இறந்தவர் துணி, சலித்தவர் துணி, சிறுத்தவர் பெருத்தவர் துணி எல்லாம் அங்கே வரும். அவள் கத்தரிப் பிரிவு. யாரோ ஒருவரின் எட்டு முழ வேட்டியைப் பார்த்தால் அதற்குள் இரண்டு பெண்பிள்ளைகளின் பாவாடை அவள் கண்ணுக்குத் தெரியும். கிழிந்த ஜீன்ஸ் அவள் கைக்கு வந்தால் பள்ளிக்கூடப் பையாகத்தான் வெளியே போகும். அந்த மலைகள் கரைந்து, இப்போது அங்கே ஆடு மேய்கிறதென்றால் அதில் தன் கத்தரிக்கும் பங்குண்டு என்று அவளுக்கு ஒரு நிறைவு.

கத்தரி படுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. எந்தத் துணியானாலும் மறதித்தொட்டியில் ஊறியாக வேண்டும். பழைய ஆளை நூல் மறக்க வேண்டும். ஊறி எழுந்த துணி சுத்தமாக இருக்கும், மொடமொடவென்றும் இருக்கும்.

அந்த மொடமொடப்புதான் யாழிசைக்குப் பிடிக்கவில்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை அல்லவா. நோய்நொடி இல்லாமல் நிறைய வாழ்ந்த ஒருவர் உடுத்தி உடுத்திப் பூவாகிப்போன பழந்துணியில்தான் குழந்தையைச் சுற்றுவார்கள். நாத்தனாரை நங்கை என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நிறைமாதத்தில் யாழிசை கேட்டாள்:

“ஏனுங்க நங்கை, தொட்டியில முக்கி எடுத்தா அது புதுசு மாதிரித்தானுங்களே? அப்பறம் அதைப் பழசுன்னு சொல்லிச் சுத்தறது, ஆரை ஏமாத்தறதுக்குங்க?”

கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அந்த வாரம் விசாலாட்சி டீச்சரின் சீலை குவியலில் வந்திருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர். தொண்ணூறு தாண்டியும் தன் துணியைத் தானே துவைத்தவர். மோகனப்பிரியாவும் அவரிடம் படித்தவள். சீலையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி இருந்தது. பாதியை வெட்டித் தொட்டியில் போட்டாள். மறுபாதியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓரம் மடித்துத் தைத்தாள். ஒரே ஒரு துணிதானே என்று நினைத்தாள்.

நர்ஸம்மா போனதும், கௌசிக் வண்டியைக் கழுவக் கிளம்பினான். யாழிசை தலை பின்ன உட்கார்ந்தாள். மோகனப்பிரியா தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, குழந்தையின் உள்ளங்காலைக் கிள்ளினாள். முதலில் மெல்ல, பிறகு நகம் பதிய. வாய் திறந்தது. சீலை ஏறி இறங்கிற்று. வாய் மூடிக்கொண்டது.

காதைக் குழந்தையின் மூக்கருகே வைத்தாள். மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். தான் ஒரு மூச்சு விட்டு இழுத்து, மறுபடி விட்டு இழுத்தாள். அதன் பிறகுதான் அவன் விட்டான். பிறந்த அன்று ஆஸ்பத்திரியே இடிந்து விழுகிற மாதிரி கத்தியவன் இவன். அந்தக் கத்தல் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சீலையைச் சுற்றிய நாளோடு நின்றிருந்தது.

பின்கட்டுக்குப் போய், கம்பெனியில் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் ஜெபஸ்டினை போனில் கூப்பிட்டாள். அவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். லீவு போட்டும் கம்பெனி ஞாபகம் போகவில்லையா, வீட்டு கேஸ் அடுப்பை மூடினோமா என்று என்னிடம் கேட்கக் கூப்பிட்டீர்களா என்று கிண்டலில்தான் ஆரம்பித்தான். அவளுடைய பயம் கம்பெனி முழுக்கப் பிரசித்தம். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

“யக்கா, தொட்டியில போட்டுத்தான எடுத்தீங்க?”

“இல்ல சாமி.”

யார் துணி, எங்கே வைத்து இறந்தார் என்று கேட்டான். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று அவள் சொன்னாள்.

“அப்பம் சரிதான். இப்ப ஆஸ்பத்திரியில சாகப்போற ஆளு எல்லாருக்கும் இத ஒண்ண வைக்காவ. துணிக்குச் சொல்லிக் குடுத்துருவாவ, இவங்களுக்கு மூச்சைக் கொஞ்சங் கொஞ்சமா இறக்கு, வலி தெரியாம பயம் தெரியாம கொண்டு போயி விட்டுருன்னு. அந்தத் துணி படிச்ச கடைசிப் பாடம் அதுதான். கிழவியா பச்சப்புள்ளையான்னு அதுக்கு என்ன தெரியும்? கையில கெடச்ச ஆளை அங்க கொண்டு போவும்.”

“எங்க?”

கேட்ட மறுகணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. இப்போதே உருவி எறிந்துவிடுகிறேன் என்றாள்.

“உருவிராதீங்கக்கா. சொல்லுதத கேளுங்க. இத்தன நாளு புள்ள மூச்சு அந்தத் துணி மேல சாஞ்சு நின்னுட்டு. சட்டுனு எடுத்தா தானா விடுறதுக்கு அதுக்கு மறந்துருக்கும். மொதல்ல துணிக்கு வேற பாடம் படிச்சுக் குடுக்கணும். அது எப்பவும் பெரிய ஒடம்பு சொல்லுததத்தான் கேக்கும். புள்ளையோட சேத்து நீங்களும் அதைச் சுத்திக்கிடுங்க. உங்க நெஞ்சு படபடன்னு அடிக்கணும். அது நிக்காம அடிச்சா துணி ஒரு கட்டத்துல தோத்துப் போவும். புள்ள அழும். அழுத பொறவு உருவுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவு லேசுன்னு நெனைக்காதீங்க. அது உங்களையும் சமாதானப்படுத்தப் பாக்கும். நீங்க மட்டும் பயத்த விட்டுறாதீங்க.”

உள்ளே வந்து சொன்னபோது யாழிசை நம்பவில்லை. நங்கைக்கு எதைக் கண்டாலும் பயம், இடி இடித்தால் மிக்ஸியைக் கழற்றி வைக்கிற ஆள் என்றாள். தொட்டியில் போடாமல் கொண்டுவந்தேன் என்று மோகனப்பிரியா சொன்னதும்தான் பின்னிய சடை பாதியில் நின்றது. கௌசிக் கையெல்லாம் சோப்பு நுரையோடு ஓடிவந்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டான். அங்கிருந்த டாக்டர் பொறுமையாகப் பேசினார். குழந்தையின் துணி அனுப்பும் கணக்கெல்லாம் எனக்கு முன்னால் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை, நல்ல தூக்கம், இவ்வளவு அமைதியான குழந்தை கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும், நாளைக்கு அழைத்து வாருங்கள் என்றார். துணியிடமே போய்த் துணியைப் பற்றி விசாரித்த கதையாகிவிட்டது. கௌசிக் போனைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மோகனப்பிரியா தரையில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் போட்டு, சீலையின் வெளிச்சுற்றுகளை மட்டும் பிரித்துத் தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தன் நெஞ்சு உரலில் குத்துவது மாதிரி இடிப்பது அவளுக்கே கேட்டது. இந்தப் பயம் போதாதா என்று நினைத்தாள்.

சீலை ஏறி இறங்கிற்று.

முதலில் தோள் தளர்ந்தது. பிறகு கழுத்து. வகுப்பில் விசாலாட்சி டீச்சர் அதட்டியதே கிடையாது. கணக்கு வராமல் அழுகிற பிள்ளைக்குப் பின்னால் வந்து நின்று, உச்சந்தலையில் உள்ளங்கையை வைப்பார். அந்தக் கை இப்போது அவள் தலையில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றிற்று. பிள்ளை தூங்குகிறான். தூங்கட்டுமே. எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். ஒருநாள் எல்லோரும் தூங்கப்போகிறவர்கள்தானே.

அப்படித் தோன்றியது என்பதே அவளுக்கு எங்கோ தூரத்தில் திகிலாக இருந்தது. அந்தத் திகிலும் அடுத்த ஏற்ற இறக்கத்தில் கரைந்துகொண்டிருந்தது.

“யாழிசை,” என்றாள். குரல் தூக்கக்கலக்கம் மாதிரி வந்தது. “எனக்குப் பயம் போகுது கண்ணு. என்னைப் பயமுறுத்து.”

யாழிசைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கௌசிக் பக்கத்தில் கிடந்த எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தான். மோகனப்பிரியா அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையைப் பார்த்து அவன்தான் பயந்தான். வீடு தீப்பிடிக்கிறது என்றான், லாரியில் பிரேக் போய்விட்டது என்றான், அவளுக்குப் பாம்பென்றால் ஆகாது என்று பாம்பு பாம்பு என்றான். சின்ன வயதில் தம்பி செய்த சேட்டைகளைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாழிசை அவள் முன்னால் மண்டியிட்டாள்.

“நங்கை, என்ற புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, இந்த ஜென்மத்துல உங்க மொகத்துல முழிக்க மாட்டேன். கொண்டாந்தது நீங்க. நான் கேட்டேன்தான். வேண்டாம்னு சொல்லியிருக்கோணும் நீங்க. உங்களுக்குத் தெரியும்ல, எதுக்குத் தொட்டி வெச்சிருக்காங்கன்னு.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. நெஞ்சில் ஊசி மாதிரி இறங்கிற்று. ஒருமுறை நெஞ்சு எகிறியது, சீலை நடுங்கியது, குழந்தையின் கால் அவள் வயிற்றில் ஓர் உதை உதைத்தது. ஆனால் ஊசி இறங்கிய இடத்தைத் தடவிக் கொடுக்கத்தான் அந்தச் சீலை இருந்தது. யாழிசையின் கோபமும் நியாயமாக, அழகாகக்கூடத் தெரிய ஆரம்பித்தது. மோகனப்பிரியாவின் கண் சொருகிற்று.

யாழிசை திட்டுவதை நிறுத்தினாள். குனிந்து, சீலைக்கு மேலே தெரிந்த அந்தச் சின்ன மூக்குக்குக் காதைக் கொடுத்தாள். வெகு நேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, சத்தமே இல்லாமல் சொன்னாள்:

“நங்கை. மூச்சு வரல.”

மோகனப்பிரியாவின் உடம்புக்குள் ஏதோ வெடித்தது. கண்ணுக்கு முன் இருட்டிக்கொண்டு வந்தது. சீலை இறுக்கியது, தளர்த்தியது, மறுபடி இறுக்கியது. இந்த முறை நெஞ்சு அடங்க மறுத்தது. தட்டிக் கொடுத்த கையை உதறித் தள்ளிக்கொண்டு அடித்தது. சீலையின் அலை தடுமாறிற்று. தறியில் நாடா சிக்கியது போல ஓரிடத்தில் நின்று, துடித்து, பிறகு அவள் நெஞ்சு அடித்த தாளத்துக்கே தானும் படபடவென்று அடிக்கத் தொடங்கிற்று.

குழந்தை வீலென்று கத்தினான்.

அது சமத்துப் பிள்ளை அழுகிற அழுகையாக இல்லை. இத்தனை நாளும் தொண்டையோடு திருப்பி அனுப்பிய அழுகையெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்தது. யாழிசை சீலையைப் பிடித்து இழுத்தாள். மோகனப்பிரியா பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். கௌசிக் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, அம்மணமாக இருந்த மகனை வெறும் மார்போடு அணைத்துக்கொண்டான். எந்தத் துணியும் மேலே படவேண்டாம் என்று மோகனப்பிரியா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அழு சாமி, அழு, நிறுத்தாதே என்று அவன் பிள்ளையைக் கெஞ்சினான். அழுகை இடையில் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் மூவரும் சேர்ந்து மூச்சை நிறுத்தினார்கள். மறுபடி கத்தல் வந்த பிறகுதான் விட்டார்கள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் மோகனப்பிரியா கேட்டாள்: “நெசமாவே வரலையா?”

யாழிசை கீழே கிடந்த சீலையைக் குச்சியால் வாளிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கம்பெனியில் போய்ச் சொல்லியாக வேண்டும், வேலை போகும் என்று மோகனப்பிரியா நினைத்துக்கொண்டாள். போகட்டும். குழந்தை கத்திக் கத்தி முகம் சிவந்து, தகப்பன் மார்பெல்லாம் எச்சிலாக்கி வைத்திருந்தான்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு சஹானா. அவளுக்கும் இதே மாதத்தில்தான் பிள்ளை பிறந்திருந்தது. இடுப்பில் குழந்தையோடு, மலர்ந்த முகமாக, நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். இந்தக் கத்தல் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறதே, என்ன செய்தீர்கள் என்று சிரித்தாள். வெகு நாளாயிற்றாம், தெருவில் ஒரு குழந்தை அழுது கேட்டு.

“பழந்துணி எதுவும் சுத்தலீங்களாக்கா? எங்க சித்தப்பா உங்க கம்பெனில லோடு எறக்கறவருதானுங்க. தொட்டியில போடாததுதான் புள்ளைக்கு நல்லதுன்னு எடுத்தாந்து குடுத்தாரு. நாங்க கேட்டோம்னு இல்லீங்க, இந்தத் தெருவுல புள்ள பெத்த எல்லா வீட்டுக்கும் அவருதான். நீங்க கம்பெனிக்காரங்க, உங்ககிட்ட இருக்கும்னு நெனச்சேன். வேணும்னா எங்களுதுல பாதி கிழிச்சுத் தரட்டுங்களா? நான்கூட மிச்சத்துல ரவிக்கை தெச்சுப் போட்டிருக்கேன் பாருங்க.”

அவள் இடுப்பிலிருந்த குழந்தையைச் சுற்றியிருந்தது யாரோ ஒரு பெரியவரின் கட்டம் போட்ட லுங்கி. அதற்குள்ளிருந்து ஒரு சின்ன முகம் தெரிந்தது. கௌசிக்கின் மார்பில் இருந்தவன் காது கிழியக் கத்தினான். லுங்கிக்குள் இருந்த முகத்தில் இமைகூட அசையவில்லை. லுங்கி மட்டும் ஏறி இறங்கிற்று.

யாழிசை வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நகர்ந்தாள். மோகனப்பிரியா எழுந்து நின்றாள். கத்தினால் சஹானா பயந்து குழந்தை மேலிருந்து துணியை உருவிவிடுவாளோ என்று குரலைத் தணித்துக்கொண்டாள்.

“சஹானா, உங்க வீட்டுல ஆரு கண்ணு ரொம்பப் பயப்படுவாங்க? நெஞ்சு படபடன்னு வருமே, அந்த மாதிரி?”

சஹானா யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகத்தில் சிரிப்பு பரவிற்று. ரவிக்கை தோளில் லேசாக அலையடித்தது.

“பயமுங்களா? இந்தத் துணி வந்ததுக்கப்பறம் எங்க வீட்டுல ஒருத்தருக்கும் பயமே வர்றதில்லீங்கக்கா.”

மோகனப்பிரியா நடுங்குகிற இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“புள்ளைய இங்க குடு சாமி. துணியோட குடு.”